முன்பனிக் காலையில் ஓர் உலா
(ஆவடி முதற் பூவிருந்தவல்லி வரை)

ஆங்கில நூல்களைப் பயின்று வளரும் நம்மனோர்க்குப் பனிக்காலம் என்றவுடன் மனக்கண்முன் தோன்றுவது யாது? இலையுதிர்ந்து வெறுங்கொம்பாய் நிற்கும் மரங்களும், உறைந்து கிடக்கும் ஓடைகளும், வெண்பனி மூடிய வயல்களும், பறவையொலி அவிந்த வெளிகளுமே யன்றோ? மேலை நாடுகளுக்கு அது முற்றும் பொருந்துவதே. ஆயின், நம் தொண்டைநாட்டுப் பனிக்காலமோ அதற்கு நேர்மாறானது. ஏரிகள் நிறைந்து, புல் தழைத்து, வேலிதோறும் கொடி படர்ந்து, நீர்நிலைதோறும் புள்ளினம் ஆர்ப்பது இப்பருவத்திலேயாம். அங்கு உயிர்கள் ஒடுங்குங் காலம், இங்கு உயிர்கள் பொலியுங் காலம். இவ்வுண்மையை நேரிற் சென்று கண்டறிந்தவர் நம்முட் சிலரே. சென்ற மார்கழித் திங்கள் வரை யானும் அச்சிலருள் ஒருவனல்லேன்.

கிறித்து பிறப்புப் பெருவிழாவையொட்டிய விடுமுறையில் ஒரு நாள், தாவரநூல் பயிலும் என் தோழர் ஒருவரும் யானும் வைகறையில் மின்தொடர்வண்டி ஏறி ஆவடியில் இறங்கி, பருத்திப்பட்டு ஏரியின் வழியாகக் கூவம் ஆற்றைக் கடந்து பூவிருந்தவல்லி வரை நடந்தோம். ஏறத்தாழ 8 அல்லது 9 கிலோமீட்டர்த் தொலைவே யாயினும், நின்று நின்று நோக்கிச் சென்றமையாற் பகற்பொழுது பெரிதுங் கழிந்தது. அவ்வழியிற் கண்டவற்றையும், அவை அங்ஙனம் அமைந்தமைக்குரிய காரணங்களையும், தமிழ் பயிலும் மாணவனாகிய யான் அன்று நாணமுற்ற ஒரு செய்தியையும் எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பருவத்தின் இயல்பு

நம் முன்னோர் ஓராண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிற்கும் இரண்டு திங்கள் வகுத்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. இப்பகுப்பு ஏட்டளவில் நிற்கும் இலக்கணம் மட்டுமன்று. நிலத்தை நோக்கியோர் கண்டு வகுத்த முறையாகும். இந்தியப் பெருநாட்டின் பெரும்பகுதி சூன் முதற் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றால் மழை பெறுகின்றது. சென்னையும் அதன் சுற்றுப்புறமுமோ, ஆண்டொன்றிற்குப் பெய்யும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழையிற் பாதிக்கு மேற்பட்டதை அக்டோபர், நவம்பர், திசம்பர் ஆகிய மூன்று திங்களிலேயே வடகிழக்குப் பருவக்காற்றாற் பெறுகின்றன. எனவே, வடநாட்டு நிலங்கள் ஈரம் உலர்ந்து வரும் வேளையில் நம் ஏரிகள் கரைதொட்டு நிற்கின்றன. கூதிரில் உண்ட நீரை முன்பனியில் நிலம் பசுமையாக வெளியிடுகின்றது என்னலாம்.

குளிரும் ஈண்டுக் கொடிதன்று. சனவரித் திங்களின் இரவிலும் வெப்பநிலை 20 பாகை செல்சியசு அளவினின்று மிகத் தாழ்தல் அரிது. முகிலற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை விண்ணிற்கு விடுத்துக் குளிர்கின்றது. அந்நிலத்தை யொட்டிய காற்றிலுள்ள நீராவி புல்நுனியிலும் சிலந்தி நூலிலும் துளித்துளியாகப் படிகின்றது. அதுவே பனி. மற்றைய நாட்களிற் கண்ணுக்குப் புலனாகாத சிலந்தி வலைகள், அன்று காலை ஆவடிப் புறவெளியில் முட்புதர்தோறும் முத்துப் பந்தரிட்டாற்போல விளங்கின. ஒரு புதரில் மட்டும் பதினேழு வலைகளை எண்ணினோம். ஞாயிறு சற்றே உயர்ந்ததும் அவையனைத்தும் கண்ணினின்று மறைந்தன. வலைகள் அங்கேதான் இருந்தன, அவற்றைக் காட்டிய பனி மட்டுமே போயிற்று.

ஊர்ப்பெயர்கள் உரைப்பன

1856ஆம் ஆண்டில் இராயபுரத்தினின்று வாலாசாவை நோக்கி இட்ட இருப்புப்பாதை இவ்வூர்களின் வழியே செல்வது. வண்டியின் சன்னலருகே அமர்ந்து, நிலையங்களின் பெயர்களையும் சூழவுள்ள ஊர்களின் பெயர்களையும் நினைந்தவாறு வந்தேன். பேராசிரியர் ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் 1946ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஊரும் பேரும்' என்னும் நூலைப் பயின்ற எவர்க்கும் இவ்வழக்கம் எளிதில் உண்டாகும். திருமுல்லைவாயில் முல்லையை உடையது. அவ்வூர்க் கோயில் வரலாறும், தொண்டைமான் ஊர்ந்த யானையின் காலை முல்லைக்கொடி சுற்றிப் பிணித்ததென்றே தொடங்குகின்றது. திருவேற்காடு வேல மரக்காட்டின் பெயரைத் தாங்கியது. பருத்திப்பட்டிற் பருத்தி உளது. பூவிருந்தவல்லியின் பெயரிலோ பூவே இருக்கின்றது. கூவத்தின் கரையில் காடுவெட்டி என்றோர் ஊரும் உண்டு. ஆகவே, சென்னையின் மேற்குப் புறத்தே ஊர்ப்பெயர்களை வரிசைப்படுத்தின், அது ஒரு சிறு தாவரநூலாகும். ஊர்க்குப் பெயரிட்டோர் முதலில் நிலத்தை உற்று நோக்கினர், பின்னரே பெயரிட்டனர்.

இன்று திருமுல்லைவாயில் நிலையத்தின் சன்னல்வழியே யான் கண்டது அடுக்குமாடி வீடுகளையே. முல்லை யாண்டுளது என்று வினவ, விடை பகர்வாரைக் கண்டிலேன்.

ஏரிக்கரையில்

ஆவடி நிலையத்தினின்று தெற்கே பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையிற் சென்றால் பருத்திப்பட்டு ஏரியை அடையலாம். இவ்வேரியைச் சூழ 2019ஆம் ஆண்டில் ஒரு பசுமைப் பூங்கா திறக்கப்பெற்றது. காலையில் நடைபயில்வோர் பலர்; ஆயின் நீரை நோக்குவோர் சிலரே.

ஏரி என்பது இயற்கையாய் அமைந்த குட்டையன்று. மக்கள் கையாற் செய்தது. நிலம் சரியும் பக்கத்தே மண்ணாற் கரையெழுப்பி, மழைநீரை வரத்துக்காலின் வழியே கொணர்ந்து தேக்கி, மதகின் வழியே வயலுக்கு விடுத்து, மிக்க நீரைக் கலங்கலின் வழியே அடுத்த ஏரிக்குப் போக்குவது நம் முன்னோர் முறை. அம்பத்தூர் ஏரியின் மிகுநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து இரட்டை ஏரிக்கும் செல்லுமாறு அமைந்தமை இதற்குச் சான்றாகும். ஒன்று நிறைந்தால் ஒன்றற்கு ஈயும் இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறினும், நீர் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். அவ்வழி மாந்தர் வாழும் தெருவாகவும் இருக்கலாம். 2015ஆம் ஆண்டு திசம்பர் வெள்ளத்தைக் கண்ட சென்னை மக்களுக்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா.

பூங்காவிற்கு அப்பால், மிகுநீர் செல்லும் கால்வாயருகே இரண்டு ஆடுகளை மேய்த்துக்கொண்டு ஒரு முதியவர் நின்றார். அக்கால்வாயின் சேற்றில் ஏதோ அசைந்தது போன்றிருந்தது. உற்று நோக்கினேன். மண்ணின் நிறமும் உலர்ந்த புல்லின் நிறமும் கலந்த ஒரு பறவை, கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு அசைவற்று நின்றது. "இஃது யாது பறவை?" என்று தோழரை வினவினேன். அவரும் அறியார். யாம் இரண்டடி நெருங்கியதும் அது சடுதியில் எழுந்து பறந்தது. பறந்தபொழுது அதன் சிறகு பால்போல் வெளுத்திருந்தது! பழுப்பு நிறப் பறவை எங்ஙனம் வெண்பறவையாயிற்று என்று யாம் திகைத்து நின்றதைக் கண்ட முதியவர் நகைத்து, "மடையான் தம்பி அது. உட்கார்ந்தால் மண்ணு, பறந்தால் பாலு" என்றார். பின்னர், "என்ன படிக்கிறாய்?" என்றார்.

"தமிழ் படிக்கிறேன், ஐயா" என்றேன்.

"தமிழ் படிக்கிற பிள்ளைக்கு மடையானைத் தெரியாதா? மடையண்டை நிற்கும், அதனாலே மடையான். பக்கத்திலே போகிறவரைக்கும் பறக்காது. குருட்டுக்கொக்கு என்றும் சொல்லுவோம். அதோ இன்னொன்று நிற்கிறது, காலைப் பார்" என்றார்.

காலைப் பார்த்தேன். அதன் நிறம் மஞ்சளுமன்று, கருமையுமன்று. பசுமை கலந்த மஞ்சள். அக்கணத்தில் என் உள்ளத்தே ஒரு திரை விலகிற்று. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையிற் கொக்கிற்குப் 'பைங்கால்' என்னும் அடை வருகின்றது. அதனை யான் பொருளுடன் நெட்டுருச் செய்திருந்தேன். தேர்வில் அவ்வடை செய்யுளுக்கு அணியாக வந்ததென்று எழுதி மதிப்பெண்ணும் பெற்றேன். அணியன்று, உண்மை! குளிர்ந்த காலையில், மழை ஓய்ந்த ஈரமணலில், இதோ யான் நிற்குமாறு நின்று, அப்பறவையின் காலின் நிறத்தைக் கண்டுரைத்தவர் நக்கீரர். எழுத்தறிந்த யான் காணாததை ஆடு மேய்க்கும் முதியவர் நாளும் கண்டிருக்கின்றார். முதியவர்க்கும் புலவர்க்கும் இடையே உள்ள தொலைவினும், புலவர்க்கும் எனக்கும் இடையே உள்ள தொலைவு பெரிதென்பதை அன்று உணர்ந்து நாணினேன்.

அம்முதியவரின் தந்தையார், இப்பகுதியில் நெல் விளைந்த நாளில் நீர்க்கட்டியாக இருந்தவராம். எந்த வயலுக்கு எத்துணை நேரம் நீர் விடவேண்டும் என்று முறைவைத்து மதகைத் திறப்பதும் அடைப்பதும் நீர்க்கட்டியின் தொழில். வயல்கள் மனைகளாயின பின் அத்தொழிலும் போயிற்று. அச்சொல்லும் இளைஞர் வாயினின்று போயிற்று.

நீரின் ஆழமும் புள்ளின் அலகும்

அதன்பின் இரண்டு மணிநேரம் ஏரியை விட்டு அகல எமக்கு மனம் வரவில்லை. முதலில் எல்லாப் பறவையும் ஒன்றுபோலத் தோன்றின. பொறுமையுடன் நோக்கவே, ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தை விட்டு மாறாமை புலனாயிற்று. நடுவே ஆழ்ந்த நீரில் நீர்க்காகமும் முக்குளிப்பானும் மூழ்கி மூழ்கி எழுந்தன. கூழைக்கடாக்கள் நான்கு, பை போன்ற அலகினால் நீரோடு மீனை முகந்தன. நாமக்கோழிகள் பாசியிடையே நீந்தின. தட்டைவாயன் என்னும் வாத்தினம் தன் அகன்ற அலகை நீர்மட்டத்தில் வைத்தவாறே சென்றது. அதன் அலகின் ஓரத்திற் சீப்புப்போன்ற பற்கள் உள. அவற்றின் இடையே நீர் வடிந்துபோக, நுண்ணுயிர்கள் மட்டும் உள்ளே தங்கும். முழங்காலளவு நீரில் நெடுங்கால் உள்ளான்களும், செவ்வரி நாரை இரண்டும் நின்றன. அதனினும் குறைந்த நீரிற் சின்னக் கொக்குகள். ஈரச் சேற்றிற் பொரி உள்ளான்கள். சேறு உலர்ந்து மண்ணாகும் விளிம்பில் வாலை மேலுங் கீழும் அசைத்து ஓடும் வாலாட்டிகள். அலகின் நீளமும் காலின் நீளமும் நீரின் ஆழத்திற்கு ஏற்ப அமைந்து, ஒன்றன் உணவை மற்றொன்று கவராது ஒரே கலத்தில் பலர் உண்பதை ஒத்திருந்தது.

இதனால் ஓர் உண்மை பெறப்படும். ஏரிக்கு உயிர்நாடி அதன் ஆழமன்று. ஆழம் சிறிது சிறிதாகக் குறைந்து சேறாய், மண்ணாய் முடியும் அதன் விளிம்பேயாம். கரையைச் செங்குத்தாகக் கல்லாற் கட்டி, அடியை ஒரே ஆழமாகத் தோண்டி, சுற்றிலும் விளக்கு நிறுத்தினால் நீர் நிற்கும். காண்பார்க்கு அழகாகவும் இருக்கும். ஆயின் நெடுங்காலுள்ளானுக்கும் பொரி உள்ளானுக்கும் மடையானுக்கும் அங்கு நிற்க இடமில்லை. ஏரியைத் திருத்துவோர் அன்பினாலேயே திருத்துகின்றனர் என்பதில் ஐயமில்லை. அவ்வன்பு விளிம்பையும் எண்ணுமாயின் நன்று.

தொலைவினின்று வந்தோர்

யாம் கண்டவற்றுட் பல இந்நாட்டில் ஆண்டு முழுதும் வாழ்வன. மடையானும் கூழைக்கடாவும் தாழைக்கோழியும் அவ்வகையின. தட்டைவாயன், நீலச்சிறகி, பொரி உள்ளான், மஞ்சள் வாலாட்டி முதலியனவோ வலசை வருவன. ஐரோப்பாவின் வடபகுதியிலும் சைபீரியாவிலும் நடு ஆசியாவிலும் அவை கோடையிற் குஞ்சு பொரிக்கின்றன. ஆங்குக் குளிர் மிக, நீர் உறையும், பூச்சிகள் மறையும், பகல் குறுகும். குளிருக்கு அஞ்சி வருகின்றன என்பதினும், உணவு நாடி வருகின்றன என்பதே பொருத்தமுடைத்து. அவை வரும் வேளையில் நம் ஏரிகள் நிறைந்திருக்கின்றன. தையும் மாசியும் செல்லச் செல்ல நீர் வற்றி, நாளும் புதிய சேற்று விளிம்பு வெளிப்படுகின்றது. நம் வடகிழக்குப் பருவமழை அவ்விருந்தினர்க்கு இட்ட பந்தியென்றே சொல்லலாம். இந்தியாவிற் காலில் வளையமிட்டு விடுக்கப்பெற்ற நீலச்சிறகிகள் சைபீரியாவிற் கிடைத்துள்ளமை, அவற்றின் வழியை உறுதிப்படுத்துகின்றது.

இவ்வலசையை நம் புலவர் அறியாதவரல்லர். நாரையைத் தன் மனைவியிடம் தூதாக விடுத்த சத்திமுத்தப் புலவர், அது தெற்கே குமரி வரை வந்து வடக்கே மீள்வதென்பதை நன்கறிந்தே பாடினார். புதிதாக வந்த நாரையை 'வம்ப நாரை' என வழங்கும் வழக்கும் சங்கச் செய்யுளில் உண்டு. வம்பு என்பது ஈண்டுப் புதுமை. இந்நாளில் வம்பு என்றாற் பூசல் என்றே பொருள் கொள்கின்றோம்.

நீர்ப்பறவைகளே யன்றித் தரைப்பறவைகளும் வலசை வருகின்றன. சாலையோரத்து மின்கம்பியிற் பழுப்புக் கீச்சான் ஒன்று தனித்திருந்து கரகரத்த குரலிற் கத்தியது. மரநிழல் மிக்க ஒரு தோட்டத்தின் உள்ளிருந்து இருமுறை எழுந்த சீழ்க்கையை, ஆறுமணிக்குருவியின் குரலென்று முதியவர் எமக்கு முன்னரே கூறியிருந்தார். காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் கூவுதலின் அப்பெயர் பெற்றது. இமயத்தின் அடிவாரத்தும் நடு இந்தியாவிலும் கூடு கட்டும் அது, பனிக்காலத்தைத் தென்னாட்டிற் கழிக்கின்றது. எத்துணை முயன்றும் அதனைக் கண்ணாற் காண எம்மால் இயலவில்லை.

ஏரியின் விளிம்பில் ஓடிய வாலாட்டிகளுள் ஒன்று, கருமையும் வெண்மையும் கலந்து கண்ணின்மேல் வெண்புருவம் உடையது. இது வலசை வருவதன்று, இந்நாட்டிற்கே உரியது. இதற்கு க்மெலின் என்னும் அறிஞர் 1789ஆம் ஆண்டில் இட்ட அறிவியற்பெயர் 'மொட்டாசில்லா மதராஸ்படென்ஸிஸ்' என்பது. மதராசப்பட்டினத்து வாலாட்டி என்று அதற்குப் பொருள். இப்பெயரின் வரலாறு இனிது. புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராயிருந்த எட்வர்டு பல்க்லி என்பார், சென்னைப் பறவைகளின் படங்களை இங்கிலாந்திற்கு அனுப்பினார். 1713ஆம் ஆண்டில் வெளிவந்த ஜான் ரே என்பாரது பறவை நூலின் ஒரு பகுதியாக அவை இடம்பெற்றன. உலகப் பறவைநூலில் நம் நகரம் ஏறியது அங்ஙனமேயாம்.

வேலியும் புதரும்

ஏரியை விட்டுக் கூவத்தை நோக்கி நடந்தபொழுது எம் கண்கள் வேலிப்புறத்தே சென்றன. இப்பகுதியில் என் தோழரே ஆசிரியர்; யான் மாணவன்.

ஒரு குடிசையின் வேலியிற் பீர்க்கு பொன்னிறமாகப் பூத்துக்கிடந்தது. கூதிர்காலத்தைப் பாடப் புகுந்த நக்கீரர், முதலிற் கண்டு குறித்தவற்றுள் பீர்க்கின் பூவும் ஒன்று. அப்பாட்டு ஈராயிரம் ஆண்டுகட்கு அணித்தாய பழமையுடையது. அவ்வேலியோ சென்ற ஆடியிற் கட்டியதாக இருக்கலாம். பருவம் மாறவில்லை, பூவும் மாறவில்லை.

பீர்க்கின் அருகே, சொரசொரப்பான இலையுடன் மெல்லிய கொடியொன்று ஏறியிருந்தது. முசுமுசுக்கை என்றார் தோழர். சளிக்கும் இருமலுக்கும் இதன் இலையை அரைத்து அடையாகச் செய்து உண்பது நம் இல்லங்களின் வழக்கம். குளிர்காலத்து நோய்க்குரிய மருந்து குளிர்காலத்து வேலியிலேயே தழைத்திருத்தல் வியப்பன்றோ? 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் பேரறிஞர் இதற்கு இட்ட பெயரிலும் மதராசப்பட்டினம் விளங்குகின்றது. ஒரே காலையில், சேற்றில் ஒன்றும் வேலியில் ஒன்றுமாக, நம் நகரின் பெயரைத் தாங்கிய இரண்டு உயிர்களைக் கண்டோம். இவை இரண்டையும் அறிந்தவர் நகரத்துள் எத்துணைப் பேர்?

ஈரம் நின்ற பள்ளத்தில் நீர்முள்ளி ஊதா நிறத்திற் பூத்திருந்தது. அழகென்று கைநீட்டிய யான் அதன் பெயரின் பின்பாதியை விரல்நுனியில் அறிந்தேன். கரிசலாங்கண்ணியும் பொன்னாங்கண்ணியும் வரப்பிற் படர்ந்திருந்தன. ஒரு புதரின் மேற் காந்தட்கொடி தன் இலைநுனிகளைச் சுருட்டி அடுத்த கிளையைப் பற்றி ஏறியிருந்தது. பூக்காலம் கழிந்து, காய் வெடித்துச் செவ்விதைகள் தோன்றின. குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் அடுக்கிய 99 பூக்களுள் முதலாவது காந்தள், இரண்டாவது ஆம்பல். முதலாவதன் விதையை இப்புதரிலும், இரண்டாவதன் பூவை ஏரியோரத்துக் குட்டையிலும் கண்டேன். எஞ்சிய தொண்ணூற்றேழனுள் ஒரு பத்தையேனும் செடியைக் காட்டிச் சொல்ல வல்லேனல்லேன். வரிசையை மட்டும் வாயாற் சொல்வேன். சங்கச் செய்யுளிற் பயின்ற செடிகொடிகளையும் புட்களையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து அறிவியற்பெயரோடு இணைத்து நூல்களியற்றிய பி. எல். சாமி அவர்களின் உழைப்பின் அருமை அன்றே எனக்கு விளங்கிற்று.

எருக்கஞ்செடியில் வரிவரியான புழுக்கள் இலையைத் தின்றுகொண்டிருந்தன. எருக்கின் பாலில் நஞ்சுண்டு. அந்நஞ்சை உடலிற் சேர்த்துக்கொண்டே இப்புழு வளர்ந்து, வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியாகின்றது. ஆதலின் பறவைகள் அதனை விரும்பா. அதன் செம்மஞ்சள் நிறம், தன்னை உண்ணற்க என்று அது விடுக்கும் அறிவிப்பாகும். கூவத்தின் கரையில் தட்டான்கள் கூட்டமாகப் பறந்தன. இவற்றுள் ஒருவகை, வடகிழக்குக் காற்றைத் துணைக்கொண்டு மாலத்தீவுகளின் வழியே கடல் கடந்து ஆப்பிரிக்கா வரை செல்கின்றது என்னும் கருத்தினைச் சார்லசு ஆண்டர்சன் என்பார் 2009ஆம் ஆண்டில் வெளியிட்டார். விரலளவும் இல்லாத உயிர்க்கு இவ்வாற்றல் யார் தந்தது!

கண்டவை அனைத்தும் இனியன அல்ல. கூவத்தின் நீர்ப்பரப்பை வெங்காயத்தாமரை மூடியிருந்தது. கரைதோறும் நெய்வேலிக் காட்டாமணக்கும் சீமைக்கருவேலும் பிறவற்றை நெருக்கி வளர்ந்திருந்தன. இவை மூன்றும் அமெரிக்கக் கண்டத்தினின்று வந்தவை. வேல மரத்தின் பெயராற் சிறந்த திருவேற்காட்டின் அண்மையிலேயே சீமைக்கருவேல் காடாய் நிற்றல் எண்ணத்தக்கது. ஒரு வெற்றுமனையில், பழைய வரத்துக்காலின் வாயை இடிந்த சுவர்க்கற்கள் அடைத்துக் கிடந்தன. அடைத்தவரைக் குறைகூறுதல் எளிது. வரத்துக்கால் என்னும் சொல்லையே அறியாதார்க்கு, அஃது ஒரு பள்ளமாகவே தோன்றும். பள்ளத்தை நிரப்புதல் நற்செயலென்றே அவர் எண்ணுவர். பெயர் போயின், பொருள் போதற்கு நெடுநாள் ஆகாது.

பெயரிடுதல் என்னும் தொண்டு

இவ்விடத்தே நம் கல்லூரி போன்ற நிலையங்களிற் பயில்வோர் நினைவுகூர வேண்டியவர் ஒருவர் உளர். 1749இற் பிறந்து, 1776இல் தரங்கம்பாடிக்கு மறைத்தொண்டராக வந்த ஜான் பீட்டர் ராட்லர் என்பாரே அவர். அவர் செடிகளைத் தேடித் தொகுத்த தாவரநூல் வல்லுநர். தரங்கம்பாடியினின்று சென்னைக்குச் சென்று மீண்ட வழியிற் கண்ட செடிகளைப் பற்றிய அவருடைய குறிப்புக்கள் 1803ஆம் ஆண்டிற் செருமானிய மொழியில் வெளிவந்தன. அவர் உலர்த்திச் சேர்த்த செடிகள் இன்றும் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திற் காக்கப்படுகின்றன. பின்னாளிற் சென்னை வேப்பேரியில் வாழ்ந்த அவர், தமிழ்–ஆங்கில அகராதியொன்றைத் தொகுத்தார். அஃது 1834ஆம் ஆண்டு முதற் பகுதி பகுதியாக அச்சேறிற்று. 1836இல் அவர் மறைந்தார். செடியைத் தொகுத்த கையே சொல்லையும் தொகுத்தது. அவ்விரண்டும் ஒரே தொண்டென அவர் கருதினார் போலும்.

நம் திருமறையின் தொடக்கத்திலும், முதல் மனிதனுக்கு இறைவன் அளித்த பணிகளுள் ஒன்று உயிர்களுக்குப் பெயரிடுதலாகவே காணப்படுகின்றது. பெயரிட வேண்டுமாயின் ஒவ்வொன்றையும் அருகே நிறுத்தி நோக்க வேண்டும். ஆண்டவரும் தம் மலைப்பொழிவிற் கவலையுற்றோரை நோக்கி, வயற்பூக்களையும் வானத்துப் பறவைகளையும் கருத்துடன் பார்க்குமாறு பணித்தார். அது உவமைக்கு மட்டும் சொன்னதென்று யான் எண்ணியிருந்தேன். 'பைங்கால்' அணியென்று எண்ணியதும் அத்தகைய பிழையே.

காத்தலும் அறிதலின் பயனேயாம். செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் மக்கள் தம் ஏரிப்பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர். பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். அறிந்தமையாற் காத்தனர். ஆவடியிலும் அம்பத்தூரிலும் வயல்கள் இல்லையாயினும், வெள்ளத்தைத் தாங்குதற்கும் நிலத்தடி நீர் ஊறுதற்கும் ஏரிகள் வேண்டும். இக்காரணம் வேடந்தாங்கலாரின் காரணத்தினும் சிறியதன்று.

மாணவர்களாகிய நம்மால் ஆவது யாது? பெருஞ்செயல் வேண்டா. ஒரு சிறு குறிப்பேடு போதும். காணும் செடிக்கும் புள்ளிற்கும் மூன்று பெயர்களை அதில் எழுதுதல் கூடும்: ஊரார் வழங்கும் பெயர் ஒன்று, இலக்கியத்தில் வரும் பெயர் ஒன்று, அறிவியற்பெயர் ஒன்று. முதலாவதை முதியோரிடமும், இரண்டாவதைத் தமிழ் பயில்வோரிடமும், மூன்றாவதை அறிவியல் பயில்வோரிடமும் பெறலாம். பொங்கல் விடுமுறை நாட்களிற் பறவைகளை எண்ணிக் குறிக்கும் வழக்கம் தமிழகத்தில் இப்பொழுது பரவி வருகின்றது, அதிலும் கலந்துகொள்ளலாம். முதலாவது பெயரைச் சொல்ல வல்லார் நாளுக்கு நாள் அருகி வருகின்றனர் ஆதலின், அதனை முதலிற் கேட்டெழுதுதல் நன்று.

பிற்பகலிற் பூவிருந்தவல்லியை அடைந்தோம். பேருந்து நிலையத்தருகே ஓர் அம்மையார் சாமந்தியும் கனகாம்பரமும் தொடுத்துக்கொண்டிருந்தார். ஊரின் பெயரை எண்ணி, "அம்மா, இந்தப் பூ இவ்வூர்ப் பூவா?" என்று கேட்டேன். "இங்கே ஏது தம்பி தோட்டம்? எல்லாம் கோயம்பேட்டிலிருந்து வருகிறதுதான்" என்றார். பூ இருந்த ஊரில் இன்று பெயர் இருக்கின்றது; பூ வண்டியேறி வருகின்றது.

வீடு திரும்பியதும் ஒரு புதிய குறிப்பேட்டைத் திறந்து முதல் வரியை எழுதினேன்: "மடையான். பருத்திப்பட்டு. சேற்றில் நின்றது. கால் பசுமை கலந்த மஞ்சள். பெயர் கூறியவர், ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர்." அவர் பெயரைக் கேட்க மறந்தேன். அடுத்த முன்பனி வருமுன் மீண்டும் சென்று கேட்டு, அவ்வரியை நிறைவுசெய்தல் வேண்டும்.